முதியோர் எழுத்தறிவு: எந்த வழிக்குப் பணமும் நேரமும் போடலாம்?

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் ஊரில் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பெண்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். மகளிர் குழுக் கூட்டமைப்போ, நூலக வாசகர் வட்டமோ, வெளியூரில் வேலை பார்க்கும் நாலைந்து நண்பர்களோ சேர்ந்து இவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கலாம் என்று உட்காருகிறார்கள். கொஞ்சம் பணமும் இருக்கிறது. முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஒருவர் அந்தக் கால அறிவொளி மாதிரி செய்யலாம் என்பார். கல்லூரி முடித்து வந்த தம்பி டேப்லெட் வாங்கலாம் என்பான். குழுத் தலைவியோ, "நோட்டுல கணக்கு எழுதக் கத்துக்குடுத்தாப் போதும்" என்று முடித்துவிடுவார். மூன்றுக்கும் உலகத்தில் முன்னுதாரணம் உண்டு. மூன்றையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தும் இருக்கிறார்கள்.

அளந்ததில் கிடைத்த முதல் செய்தி கசப்பானது. உலக வங்கியில் பணியாற்றிய ஹெலன் அபாட்ஸி 1994-ல் அதுவரை நடந்த முதியோர் எழுத்தறிவுத் திட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரு தோராயக் கணக்குப் போட்டார். வகுப்பில் சேர்கிறவர்களில் பாதிப் பேர் சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். மிஞ்சியவர்களில் பாதிப் பேர்தான் தேறுகிறார்கள். தேறியவர்களிலும் பாதிப் பேர் கொஞ்ச காலத்தில் மறந்துவிடுகிறார்கள். 100 பேர் சேர்ந்தால் 12, 13 பேரிடம்தான் எழுத்து தங்குகிறது. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் எண் இல்லை இது. ஆனால் எந்த வழியைப் பற்றிப் படித்தாலும் இந்த மூன்று ஓட்டைகளில் எதை அது அடைக்கிறது என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். சேர்ந்தவர் நிற்கிறாரா, நின்றவருக்கு வருகிறதா, வந்தது தங்குகிறதா? 'எத்தனை நாளில் கற்றுத் தருவீர்கள்' என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

மூன்றாவது ஓட்டையைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். ஏதாவது ஒரு மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தால் அது கண்ணுக்குத் தெரியும். ஐம்பது வயது அம்மா ஒருவர் புத்தகத்தில் விரலை வைத்து 'கூட்டுறவு' என்று படிக்கப் பார்க்கிறார். 'கூ' வருகிறது. 'ட்'டில் தயங்கிப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். 'டு' வருகிறது. அடுத்தது 'ற'வா 'ர'வா என்று நின்று, 'வு'க்கு வந்து சேரும்போது முதலில் என்ன படித்தோம் என்பதே போய்விடுகிறது. மறுபடி 'கூ'விலிருந்து ஆரம்பம். ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரியும். சொல்தான் கைக்குக் கிடைக்கவில்லை. ஆசிரியை அவரைத் 'தேர்ச்சி' என்று குறித்துக்கொள்வார். அதில் பொய்யும் இல்லை.

மனித மூளை எப்படிப் படிக்கிறது என்ற ஆய்வுகளை வைத்து அபாட்ஸி பிற்பாடு விளக்கியதும் இதைத்தான். படித்த எழுத்துகள் தற்காலிக நினைவில் சில வினாடிகள்தான் நிற்கும். அதற்குள் வாக்கியம் முடியவில்லை என்றால் பொருள் பிடிபடாது. நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் வரை வேகம் வேண்டும் என்பது அவர் சொன்ன அளவு. நம் நாட்டில் 1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவுகோல் என்ன தெரியுமா? வாய்விட்டுப் படித்தால் நிமிடத்துக்கு 30 சொற்கள், மனதுக்குள் படித்தால் 35. தமிழில் ஒரு சொல்லே ஒரு முழம் நீளம் என்பதால் இந்த எண்களை அப்படியே ஒப்பிடுவது சரியில்லை. இருந்தாலும், தேர்ச்சி என்று நாம் நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கும் படிப்பு தானாக ஓடத் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் தூரம் இருக்கிறது என்பது விளங்கும். மறந்துபோகிறவர்கள் விழுவது அந்தத் தூரத்தில்தான்.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

இயக்கமாக நடத்துவது

நமக்கு நன்றாகத் தெரிந்த வழி இது. எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து ஆயிரக்கணக்கான தொண்டர்களை இறக்கின. 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-ல் கேரள மாநிலமே அந்த அறிவிப்பைச் செய்தது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துணையோடு அறிவொளி இயக்கம் 1991-ல் சூடுபிடித்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது அங்கே எழுத்தறிவு வேலையின் ஒரு பகுதியாகவே நடந்தது. கல்குவாரிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். இதற்கெல்லாம் முன்னால் 1961-ல் கியூபா பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் சுமார் ஒரு லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பி, ஒரே ஆண்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் விகிதத்தை 23 விழுக்காட்டுக்கு மேலிருந்து 4 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்ததாக அறிவித்தது.

இந்த வழி முதல் ஓட்டையை நன்றாக அடைக்கும். வீதி நாடகமும் பாட்டும் ஊர்வலமும் சேர்ந்து 'இந்த வயசுல போய்' என்ற கூச்சத்தை உடைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரியும் போகிறாள் என்றால் நானும் போகலாம். வகுப்பில் தனியாக உட்காரும் அம்மாவுக்குக் கிடைக்காத துணிச்சல் இது. மூன்றாவது ஓட்டைதான் பிரச்சினை. அறிவிப்பு விழா முடிந்ததும் ஆட்சியர் மாற்றலாகிப் போவார், தொண்டர்களுக்குக் கல்யாணம் ஆகும், வேலை கிடைக்கும். தொடர்கல்வி மையத்து அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

எண்களையும் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெனிசுவேலா 2003-ல் 'மிஷன் ராபின்சன்' என்ற பெரும் இயக்கத்தை நடத்தி, 15 லட்சம் பேருக்குக் கற்பித்ததாகச் சொல்லி, 2005-ல் எழுத்தறியாமை ஒழிந்தது என்று அறிவித்தது. டேனியல் ஒர்ட்டேகா, ஃபிரான்சிஸ்கோ ரொட்ரிகேஸ் என்ற இரு பொருளியலாளர்கள் அந்நாட்டு அரசே எடுத்த குடும்பக் கணக்கெடுப்பைப் புரட்டினார்கள். அதே 2005-ன் பிற்பகுதியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றே சொல்லியிருந்தார்கள். இயக்கத்தால் நடந்த மாற்றம் என்று தேடினால், இருந்தால் மிகச் சிறிதாகத்தான் தென்பட்டது.

இங்கே பேசும் சின்னக் குழுவால் இயக்கம் நடத்த முடியாது. ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளலாம். 2022-27 காலத்துக்கு ஒன்றிய அரசு நடத்தும் 'உல்லாஸ்' என்ற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் அப்படி ஒன்று. பாடப்புத்தகம், தேர்வு, சான்றிதழ் மூன்றும் கிடைக்கும். கற்பிக்கிறவர் தன்னார்வலர், சம்பளம் கிடையாது. இந்தக் கடைசிச் செய்தியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் அஞ்சிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்கும் முயற்சியை நடத்தினார். அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல் ஒன்றை எடுப்பது, அதைப் பற்றி வாய் ஓயப் பேசுவது, அப்புறம் அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்து, அந்த அசைகளின் குடும்பத்தை வைத்துப் புதுச் சொற்களை ஆக்குவது. போர்த்துகீசிய மொழிக்காக வகுத்த முறை என்றாலும் க, கா, கி, கீ என்று ஓடும் நம் உயிர்மெய் வரிசைக்கு அச்சாகப் பொருந்தும். மறு ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ரெய்ரே சிறைக்குப் போய், பிறகு நாட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. கூலியைப் பற்றிப் பேசிக்கொண்டே எழுத்துக் கற்றவர்கள் ஆட்சிக்கு உறுத்தலாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த மரபில் 1993 முதல் 1995 வரை ஆக்‌ஷன்எய்ட் தொண்டு நிறுவனம் உகாண்டா, வங்கதேசம், எல் சால்வடோர் மூன்றிலும் 'ரிஃப்ளெக்ட்' என்ற முறையைச் சோதித்தது. அதில் பாடப்புத்தகமே கிடையாது. ஊர் வரைபடத்தைத் தரையில் குச்சியாலும் கல்லாலும் விதையாலும் போடுவார்கள். யார் வீடு எங்கே, தண்ணீர் எங்கே, எந்த மாதத்தில் வேலை, எந்த மாதத்தில் கடன் என்று அட்டவணை போடுவார்கள். அப்புறம் அதற்குப் பெயர் எழுதுவார்கள். அந்தப் பெயர்களே பாடம்.

வகுப்பில் ஆள் நிற்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பகல் பூராவும் வெயிலில் நின்றுவிட்டு வந்தவரைப் 'பட்டம், படம், பாடம்' என்று படிக்கச் சொன்னால் கொட்டாவிதான் வரும். 'நூறு நாள் வேலைக்குக் கூலி ஏன் தாமதம்' என்று ஆரம்பித்தால் வகுப்பு முடிந்தும் எழுந்து போக மாட்டார்கள். ஆனால் இதற்குக் கெட்டிக்கார நடத்துநர் வேண்டும். பேச்சை எழுத்துக்குத் திருப்பத் தெரியாதவர் கையில் கொடுத்தால் அது நல்ல அரட்டைக் கூட்டமாக நடக்கும். ஆறு மாதம் கழித்து எல்லோரும் விவரமாகப் பேசுவார்கள், படிக்க மட்டும் வராது. பாடப்புத்தகம் இல்லாதது ஒரு சாதாரண ஆசிரியைக்குச் சுதந்திரமாகத் தெரியாது, பயமாகத்தான் தெரியும்.

கணினியும் காணொளியும்

டாடா கன்சல்டன்சி நிறுவனத்தில் எஃப்.சி. கோலியின் முனைப்பில் 2000-ல் ஆந்திரத்தில் தொடங்கியது கணினிவழிப் பயன்பாட்டு எழுத்தறிவு. தமிழிலும் வந்தது. எழுத்தைத் தனித்தனியாகக் கற்பிக்காமல் படமும் ஒலியுமாகச் சொற்களைக் காட்டி, சுமார் 40 மணி நேரத்தில் சில நூறு சொற்களைப் படிக்க வைப்பது திட்டம். எழுதுவது அதில் முதன்மை இல்லை. கியூபா 2001-ல் வகுத்த 'யோ சி புவேதோ' முறை (என்னால் முடியும் என்று பொருள்) எழுத்துகளுக்கு எண்களைத் துணையாகக் கொடுத்து, காணொளிப் பாடங்களை உள்ளூர் நடத்துநர் ஒருவர் போட்டுக் காட்டும்படி அமைந்தது. வெனிசுவேலா, பொலிவியா, கிழக்குத் திமோர் என்று பல நாடுகளுக்குப் போனது. நல்ல ஆசிரியர் கிடைக்காத ஊரிலும் பாடம் ஒரே தரத்தில் இருக்கும் என்பதுதான் இந்த வகையின் வாதம். நியாயமான வாதம்.

அதை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. 'தாரா அக்‌ஷர் பிளஸ்' என்ற மடிக்கணினி வழித் திட்டத்தில் சேர்ந்த கிராமத்துப் பெண்களையும் சேராத பெண்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். 2017-ல் வெளியான முடிவு இது: பலன் உண்டு. ஆனால் ஓரெழுத்தும் தெரியாமல் வந்த பெண்களுக்கு அது சிறியது. அரைகுறையாக எழுத்து தெரிந்து வந்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

டேப்லெட் கேட்கும் தம்பியிடம் காட்ட வேண்டிய முடிவு இது என்பேன். கணினி, அடித்தளம் போட்டவர்களை ஏற்றிவிடுகிறது. அடித்தளம் போட ஆள் வேண்டும். உங்கள் ஊரில் இரண்டாம், மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் அதிகம் என்றால் யோசிக்கலாம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள் அதிகம் என்றால் அந்தப் பணத்தை வேறிடத்தில் போடுங்கள்.

கையில் இருக்கும் போன்

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 2009-ல் நடந்த பரிசோதனை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்வது. ஜென்னி ஏக்கர், கிறிஸ்டோஃபர் சோல், டிராவிஸ் லிபர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 113 கிராமங்களில் முதியோர் வகுப்பைக் கவனித்தார்கள். எல்லா ஊரிலும் ஹௌசா அல்லது சர்மா மொழியில் வழக்கமான வகுப்புதான். ஏறக்குறைய பாதி ஊர்களில் மட்டும் கூடுதலாக, சிலருக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண பொத்தான் போன் கொடுத்து, அதில் எண்ணையும் எழுத்தையும் அடிக்கவும் குறுஞ்செய்தி அனுப்பவும் சொல்லிக்கொடுத்தார்கள். போன் வந்த ஊர்களில் தேர்வு மதிப்பெண் 0.19 முதல் 0.25 நியமவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக்கிடக்கின்றன என்பதன் அளவு) அளவுக்குக் கூடுதலாக இருந்தது. கல்வி ஆய்வுகளில் இது கவனிக்கத்தக்க அளவு. வகுப்பு முடிந்து ஏழு மாதம் கழித்தும் கணக்கில் அவர்கள் முன்னால் நின்றார்கள்.

ஏன் பலித்தது என்பதைக் கவனிக்காமல் போனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவோம். நைஜரில் அன்றைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பேசுவதைவிடப் பல மடங்கு மலிவு. வெளியூர் போன மகனுக்குச் சேதி சொல்ல எழுதத் தெரிந்தால் காசு மிச்சம். எழுத்துக்கு அப்படி ஒரு தேவை இருந்தது. இன்றைக்கு நம் ஊரில் என்ன நிலைமை? ரீசார்ஜ் செய்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசி அனுப்பலாம். எழுத வேண்டிய அவசியத்தை அதே போன் தின்றுவிட்டது.

மிச்சம் இருக்கும் அவசியம் எண்களில்தான். மகளிர் உரிமைத் தொகை ஏறியதா என்று பார்ப்பது, வங்கிச் செய்தியில் எது இருப்பு, எது எடுத்த தொகை என்று பிரிப்பது, யாரோ கேட்கும் ரகசிய எண்ணைச் சொல்லக் கூடாது என்று தெரிந்துகொள்வது. அந்தச் செய்தியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்து தொலைக்கிறது. ஆகவே நம் ஊரில் போனைக் கணக்குக்கும் எண்ணுக்கும் வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

இங்கேயே இன்னொன்று. பிரிஜ் கோத்தாரி 1996 வாக்கில் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திலிருந்து முன்வைத்த யோசனை, தொலைக்காட்சிப் பாட்டின் வரிகளை அதே மொழியில் திரையடியில் ஓடவிடுவது. பாட்டு மனப்பாடம் என்பதால் கண் தானாகச் சொல்லைத் தேடும். ஓரளவு எழுத்து தெரிந்தவருக்கு வேகம் ஏற்ற நல்ல பயிற்சி. செலவும் கிடையாது. பழைய இளையராஜா பாட்டு நாலைந்துக்கு வரி போட்டுக் கொடுக்க அந்தத் தம்பியையே கேட்கலாம்.

குழுவும் கணக்கு நோட்டும்

எழுத்தறிவு இரண்டாவதாக வரட்டும் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஜான் ஆக்ஸன்ஹாம் குழுவினர் 2002-ல் உலக வங்கிக்காகச் செய்த ஆய்வு, எழுத்திலிருந்து தொடங்கிப் பிழைப்புக்குப் போன திட்டங்களைவிடப் பிழைப்பிலிருந்து தொடங்கி எழுத்துக்கு வந்த திட்டங்கள் தேறும் வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. நேபாளத்தின் தராய் சமவெளியில் 1999 முதல் 2001 வரை பேக்ட் தொண்டு நிறுவனம் நடத்திய பெண்கள் திட்டம் இதற்குப் பெரிய உதாரணம். 6,500 குழுக்கள், ஒன்றே கால் லட்சம் பெண்கள். குழுக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சேமிப்பு நடத்திக்கொண்டிருந்தவை. தனியாக ஆசிரியர் வைக்கவில்லை. குழுவில் கொஞ்சம் படிக்கத் தெரிந்த பெண் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். புத்தகமே சேமிப்பும் கடனும் சிறு வியாபாரமும் எப்படி நடத்துவது என்பதுதான். வாராவாரம் வரவு எழுத வேண்டும், கடன் எழுத வேண்டும், வட்டி போட வேண்டும். நடுவில் உள்நாட்டுப் போர் இருந்தும், உதவி நின்று ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட குழுக்கள் நடந்துகொண்டிருந்தன.

மூன்றாவது ஓட்டைக்கு இதுதான் பதில். சான்றிதழ் வாங்கிய பிறகும் வாரம் ஒரு தடவையாவது எழுத்தைத் தொட்டே ஆக வேண்டிய ஏற்பாடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் தருமபுரியில் தொடங்கி இன்று இல்லாத ஊரே இல்லை. இந்த வசதியை எழுத்தறிவுக்கு நாம் பயன்படுத்திக்கொண்டது குறைவு என்பது என் எண்ணம். பெரும்பாலான குழுக்களில் நோட்டு எழுதுவது ஒரே ஒருவர். மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், அதுவும் வரைகிற மாதிரி. யார் எவ்வளவு கட்டினார், வட்டி எவ்வளவு பிடித்தார்கள் என்பதில் தகராறு வந்தால் நோட்டு எழுதுகிறவர் சொன்னதுதான் கணக்கு. நோட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று குழுத் தலைவி கேட்பதில் இருக்கும் விவரம் இதுதான். சில ஊர்களில் நோட்டு எழுதுகிறவருக்கு இது பிடிக்காமலும் போகும். அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. 'பிழைப்போடு சேர்த்துக் கற்பி' என்பதை நிபுணர்கள் மேலிருந்து வகுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. யுனெஸ்கோ 1967 முதல் 1973 வரை 11 நாடுகளில் நடத்திய சோதனைத் திட்டம் தொழிலோடு இணைந்த எழுத்தறிவைத்தான் முன்வைத்தது. உற்பத்தியைப் பெருக்கத் தொழிலாளிக்கு எது தேவை என்று மேலே இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். 1976-ல் அவர்களே வெளியிட்ட மதிப்பீடு அதில் திருப்திப்படவில்லை. அப்புறம், குழுவில் இல்லாத ஆண்கள், கடன் பாக்கியால் விலகிய பெண்கள், எழுபது வயதுப் பாட்டி எல்லோரும் இந்த வழியில் விடுபட்டுப் போவார்கள்.

பிள்ளைகள் படிப்பு உயரும் என்பதற்காகத் தாய்மாருக்கு வகுப்பு வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பீகாரிலும் ராஜஸ்தானிலும் 480 கிராமங்களில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு நடந்த ஆய்வில் தாய்மாரின் எழுத்தறிவும் பிள்ளைகளின் கணக்கும் உயர்ந்தன, இரண்டும் கொஞ்சமாகத்தான். பிள்ளைக்காக என்றால் பிள்ளைக்கே நேராகச் செய்யுங்கள். அம்மாவுக்கு வகுப்பு அம்மாவுக்காகவே நடக்கட்டும்.

நான் எதை எடுப்பேன்

குழுவை அடித்தளமாக எடுப்பேன். புத்தகத்தையும் தேர்வையும் அரசுத் திட்டத்திலிருந்து வாங்கிக்கொள்வேன். நாமே பாடப்புத்தகம் எழுதுவது வீண் வேலை. சான்றிதழை இளக்காரமாக நினைக்க வேண்டாம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயர் அச்சடித்த ஒரு தாள் கிடைப்பது சேர்ந்தவரை நிறுத்தி வைக்கும். ஃப்ரெய்ரே வழியில் வகுப்பின் முதல் கால் மணி நேரத்தைப் பேச்சுக்கு ஒதுக்குவேன், அதற்கு மேல் வேண்டாம். டேப்லெட் வாங்க மாட்டேன்.

மிஞ்சும் பணத்தை மூன்று இடங்களில் போடுவேன். ஒன்று, வாசிப்புக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு, அதை யாரும் கேட்பதே இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு இந்தக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் பறிக்கும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. இலை பறிக்கவே அந்த வித்தியாசம் என்றால் 'ற'வையும் 'ர'வையும் பிரிக்க எவ்வளவு இருக்கும்? மண்டையில் ஏறவில்லை என்று நின்றுபோனவர்களில் எத்தனை பேருக்குக் கண் தெரியாமல் இருந்ததோ.

இரண்டு, கற்பிப்பவருக்கு ஊதியம். சின்னத் தொகையாக இருந்தாலும் மாதாமாதம் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும். சம்பளம் இல்லாத தன்னார்வலர் முதல் மாதம் உற்சாகமாக வருவார், மூன்றாம் மாதம் அவருக்கே ஒரு வேலை கிடைத்துவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. கூடவே வாராவாரம் ஒரு போன் அழைப்பு. இதுவும் நைஜரிலிருந்து வந்த பாடம்தான். ஏக்கரும் சோலும் பிறகு நடத்திய இன்னொரு பரிசோதனையில் ஆசிரியருக்கும் ஊர்த் தலைவருக்கும் கற்போர் சிலருக்கும் வாரம் ஒரு தடவை போன் செய்து, வகுப்பு நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். பரிசு எதுவும் சேர்க்கவில்லை. அதற்கே கற்போரின் மதிப்பெண் உயர்ந்தது. இதற்காக மேற்பார்வையாளர், வண்டி, பெட்ரோல் என்று போக வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் நண்பர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேருக்குப் போன் போட்டால் முடிந்தது.

மூன்று, இரண்டாவது அரையாண்டு. மொத்தப் பணத்தில் பாதியையாவது இதற்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் முதல் வகுப்பையே தொடங்குவேன். எழுத்து தெரிந்தவருக்கு வேகம் வருவதற்கான காலம் இது; புதுப் பாடம் எதுவும் வேண்டாம். பெரிய எழுத்தில் நாலு பக்கக் கதைகள், குழு நோட்டு, ரேஷன் கடைப் பலகை, பேருந்தின் நெற்றிப் பலகை, பாட்டு வரிகள். வாரம் மூன்று நாள், அரை அரை மணி நேரம், வாய்விட்டுப் படிப்பது, அதே பக்கத்தை மறுபடி படிப்பது. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். இந்த எண் ஏறவில்லை என்றால் வருகைப் பதிவேடு எவ்வளவு நிறைந்திருந்தாலும் வகுப்பு நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே முடிவு எல்லா ஊருக்கும் பொருந்தாது. மலைக்கிராமத்தில் வீட்டு மொழி தமிழாக இல்லாமல் இருந்தால் பேச்சிலிருந்து தொடங்கும் வழிக்குக் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். பள்ளியை நடுவில் விட்ட முப்பது வயதுக்காரர்கள் அதிகம் என்றால் கணினிக்கு வாய்ப்பு உண்டு. குழுக்கள் கடன் தகராறில் உடைந்துகிடக்கும் ஊரில் குழுவை நம்பித் தொடங்கவே கூடாது. அங்கே நூலகமோ பள்ளிக்கூடத் திண்ணையோ மேல்.

கடைசியாகத் தொடங்கும் மாதம். நைஜரில் வகுப்புகள் பிப்ரவரி முதல் ஜூன் வரை மட்டும் நடந்தன, அதுவும் இரண்டு ஆண்டுகள். விதைப்பும் அறுப்பும் இருக்கும் மாதங்களில் யாரையும் கூப்பிடவில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் இருப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். சம்பா அறுப்பு முடிந்து மாசியில் தொடங்கினால், மேட்டூர் திறந்து குறுவை நடவுக்கு ஆள் கூப்பிடும் வரை நாலு மாதம் கிடைக்கும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 160 மணி நேரத்தைத் தொட்டுவிடலாம். எழுத்து முழுவதும் அதற்குள் வந்துவிடும். நடவு நடக்கும் வாரங்களில் விட்டுவிட்டு, கை ஓய்ந்ததும் அந்த அரை மணி நேர வாசிப்பைத் தொடங்குங்கள். ஜூன் மாதம் கல்வியாண்டு பிறக்கிறது, அப்போது தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது பிள்ளைகளுக்கான நாள்காட்டி.